கழுத்து மஞ்சளான முக்குளிப்பான்

செத்த பறவையின் காலில் சீட்டுக் கட்டுவது பார்க்கிறவர்களுக்கு ஒரு வேலையாகவே தெரியாது; கட்டுகிறவனுக்குத்தான் ஒரு வரி தப்பினாலும் பறவையே வேறொன்றாகிவிடும் என்ற பயம் இருக்கும். மருந்துப் புட்டியில் பெயர் ஒட்டுகிறவர்கள், பார்சல் ஆபீஸில் ஊர்ப்பெயர் எழுதுகிறவர்கள், மூட்டை மேல் மையால் நம்பர் போடுகிறவர்கள், நீங்களெல்லாம் என் கூட்டம். நாம் சரியாக எழுதினால் யாரும் நம்மை நினைப்பதில்லை. தப்பாக எழுதினால் மறப்பதில்லை.

நான் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் கல் பரிசோதனை ஆபீஸில் ரைட்டராக இருந்தேன். பள்ளிக்கூடத்துப் பக்கம் போனவனில்லை. வெடிமருந்துப் பெட்டியின் மூடியையும் பிஸ்கட் டின்னையும் பார்த்துப் பார்த்து இங்கிலீஷ் எழுத்துப் பழகினேன். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கிறது என்று உள்ளே உட்கார வைத்துவிட்டார்கள். அச்சைப் பார்த்துப் பழகினவனுக்கு வேறு எப்படி வரும்?

ஊர்ப்பேர் முதலில்

சுரங்கத்துக்குள்ளிருந்து ஒவ்வொரு லெவலிலும், அதாவது ஒவ்வொரு ஆழத்திலும், உடைத்த கல் சின்னச் சின்னப் பைகளில் மேலே வரும். பைக்கு ஒரு சீட்டு. சீட்டில் முதல் வரி எந்த ஷாப்ட், அதாவது எந்த இறங்குகுழி, இரண்டாவது எந்த லெவல், மூன்றாவது எந்தப் பக்கம். அதற்குப் பிறகுதான் நம்பர். இடம் எழுதாத கல்லில் தங்கம் கண்ணைப் பறித்தாலும் அதைக் குப்பையில் கொட்டிவிட வேண்டும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத தங்கத்தை எங்கே போய்த் தோண்டுவது?

இன்னொரு ரூலும் உண்டு. பைக்குள் வேறு ஏதாவது விழுந்துவிட்டால், மெழுகுவத்தித் துளியோ வெற்றிலைத் துணுக்கோ எதுவானாலும் சரி, என்ன விழுந்தது, யார் கையால் விழுந்தது என்று சீட்டின் பின்பக்கம் எழுத வேண்டும். எழுதினால் ஒரு திட்டோடு போகும். மறைத்தால் வேலை போகும். எங்கள் ஆபீஸில் இரும்பு உரலில் கல் இடிக்கிறவர் சின்னப்பன். ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாதவர், மூக்குப்பொடியும் தவறாதவர். ஒரு நாள் இடித்த தூளின் மேலேயே தும்மிவிட்டார். நான் பின்பக்கம் எழுதினேன்: மூக்குப்பொடி, கை சின்னப்பன். அவர் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இன்னா ரைட்டரே, என் மூக்குப்பொடி சீமைக்குப் போயி சாட்சி சொல்லப் போவுதா?"

கேப்டனின் தகரப் பெட்டி

எங்கள் பக்கத்தில் சுரங்கத்துக்குள் ஆட்களை மேய்க்கிற வெள்ளைக்காரருக்குக் கேப்டன் என்று பெயர். கப்பலுக்கும் அவருக்கும் சம்பந்தம் கிடையாது. எங்கள் கேப்டன் இங்கே வருவதற்கு முன்னால் தென் அமெரிக்காவில், மலை உச்சியில், ஒரு வெள்ளிச் சுரங்கத்தில் இருந்தவர். அவருடைய தமிழ், ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜுக்குள் கூலிக்காரர்களோடு நின்று கற்றது. ஆகையால் அதில் மரியாதை குறைவு, ஒளிவுமறைவும் குறைவு. ஒரு நாள் காய்ச்சலோடு ஆபீஸுக்கு வந்தார். இரண்டு மாதம் நீலகிரியில் இருக்கச் சொல்லிவிட்டார்களாம். ஒரு தகரப் பெட்டியை என் மேஜை மேல் வைத்தார். உள்ளே ஏழு பறவைகள், தோலை உரித்துப் பஞ்சடைத்தவை. ஆறைத் தள்ளிவிட்டு ஒன்றை மட்டும் எடுத்துக் காட்டினார். புகையும் அழுக்கும் ஏறிய, கறுத்த ஒரு தண்ணீர்ப் பறவை.

அந்த மலை மேல் ஒரு ஏரி. அதன் கரையில் இவர் வீடு. மகள் ரோஸிக்கு ஆறு வயது. உடம்பு முடியாமல் படுத்துவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே தண்ணீரில் இந்தப் பறவை முங்குவதையும் எழும்புவதையும் பார்த்துக்கொண்டே கிடந்திருக்கிறாள். அதன் பெயர் என்ன என்று அப்பாவைக் கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றார். அவர் கேட்டுச் சொல்வதற்குள் அவள் போய்விட்டாள். கோரைப்புல் படகில் போகிற ஏரிக்காரர் ஒருவரிடம் சொல்லி இந்த ஒரு பறவையைப் பிடித்து வாங்கி, பன்னிரண்டு வருஷமாகப் பெட்டியில் வைத்துக்கொண்டு போகிற இடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வாத்து வகைன்னு தெரியும். இன்னா வாத்துன்னுதான் எவனும் சொல்ல மாட்டேங்கிறான். நீ சீட்டு எழுதறவன், பத்திரமா வெச்சுக்கோ."

வண்டும் மஞ்சளும்

பத்திரமாக வைத்தேன். அதாவது மேல் தட்டில் வைத்துவிட்டு மறந்துபோனேன். மூன்று வாரம் விடாத மழை. திறந்து பார்த்தபோது ஆறு பறவைகள் வண்டரித்துத் தூளாகக் கிடந்தன. ஏழாவதன் வாலில் அப்போதுதான் வண்டு ஏறிக்கொண்டிருந்தது. துணியில் சுற்றி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வெள்ளைக்கார வீடுகளில் இதற்கென்று ஒரு விஷச் சோப்பு வைத்திருப்பார்களாம். எங்கள் தட்டி வீட்டில் என் மனைவி கன்னியம்மா இருந்தாள்.

அவள் குடியாத்தம் பக்கத்தில் ஒரு ஏரிக்கரையில் பிறந்தவள். பறவையைத் தலைகீழாகத் திருப்பி முதலில் காலைப் பார்த்தாள். "இத வாத்துன்னு யாரு சொன்னது?" என்றாள். கேப்டன் என்றேன். "அவருக்குக் கல்லுதான் தெரியும். வாத்துக்குக் காலு வயித்துக்கு நடுவுல கீது. இதுக்குப் பாரு, வாலுகிட்ட வெச்சிகீது. வெரலு தோலால ஒட்டிக்கல, ஒவ்வொண்ணும் தனித்தனி எலை மாரி கீது. இதால தரையில நாலு அடி நடக்க முடியாது. எங்க ஏரியில தம்மாத்தூண்டா ஒண்ணு கீதே, இங்க முழுவி அங்க போயி எழும்புமே, முக்குளிப்பான். அதுக்குப் பெரியப்பா இது."

பிறகு தவிட்டைச் சூடு பண்ணித் தேய்த்தாள். பன்னிரண்டு வருஷத்துப் புகை அப்படியே இறங்கியது. அதன் மேல் வசம்பும் மஞ்சளும் அரைத்து, இறகின் அடிவரை போகும்படி பூசினாள். மழைக்காலம், ஈரம் காயவில்லை. கழுத்து மஞ்சளாகிக்கொண்டே வந்தது. வெளிநாட்டுப் பறவைக்கு நம் ஊர் மருந்து சரிப்படுமா என்று கேட்டேன்.

"வண்டு நம்ம ஊர் வண்டுதானே. அது மஞ்சளுக்கு பயப்படும்."

பாதி பதில்

கேப்டன் திரும்பி வந்தார். ஆறு பறவை போன கதையைச் சொல்லி முடித்தேன். அவர் போகட்டும் என்று கையை ஆட்டிவிட்டு ஏழாவதை எடுத்தார். கழுத்தைப் பார்த்து முகம் மலர்ந்தது. "அழுக்கு போச்சு. உள்ள இந்தக் கலரா?" என்றார். உயிரோடு அதைத் தூரத்தில் தண்ணீரில்தான் பார்த்திருக்கிறார். கைக்கு வந்ததோ அடுப்புக்கு மேல் புகையில் உலர்த்தினது. அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு என்னிடம் இருந்த தைரியம் ஆறு பறவைக்கே செலவாகிவிட்டது.

அதற்குப் பதிலாக, சொல்லச் சுலபமானதைச் சொன்னேன்: வாத்து இல்லை, முக்குளிப்பான் வகை என்று என் வீட்டில் சொல்கிறாள், கால் பின்னால் இருக்கிறது, விரல் தனித்தனி. அவர் ஜன்னல் பக்கம் போய்ப் பறவையைத் திருப்பி விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். அடுத்த வாரமே பூதிகோட்டை ஏரிக்குப் போய் எங்கள் ஊர் முக்குளிப்பானைக் குழாய்க் கண்ணாடியில் பார்த்துவிட்டு வந்தார். ஆபீஸ் வாசலில் குதிரையிலிருந்து இறங்காமலே கூப்பிட்டார்.

"உன் பொஞ்சாதிகிட்ட சொல்லு. ரோஸி கேட்டதுக்குப் பாதி பதில் கெடச்சிடுச்சு."

பறவைத் துரை

மீதிப் பாதியைத் தேடி அவர் யாருக்கோ கடுதாசி போட்டிருக்கிறார். தை மாதம் ஒரு துரை வந்து அவர் பங்களாவில் தங்கினார். ஏரி ஏரியாகச் சுட்டு, தோலுரித்து, எழுதி வைக்கிறவர். சின்னப்பன் அவருக்குப் பறவைத் துரை என்று பெயர் வைத்தார். அவருக்கும் பறவைக்குச் சீட்டுக் கட்ட ஆள் வேண்டியிருந்தது. மத்தியானத்துக்கு மேல் என்னைப் பங்களாவுக்கு அனுப்பினார்கள். நெஞ்சு விரிந்துதான் போனேன்.

அங்கே மேஜை மேல் அந்த முக்குளிப்பான் கிடந்தது. துரை தடித்த புத்தகம் ஒன்றைத் திறந்து வைத்து, அலகை அளந்தார், சிறகை அளந்தார், மறுபடியும் அளந்தார். அவர் பேசியதைக் கேப்டன் எனக்குச் சொன்னார். தென் அமெரிக்க முக்குளிப்பான்களில் ஒன்றுக்குச் சிறகு இதே மாதிரி குட்டை. அதனால் பறக்க முடியாது. ஆனால் புத்தகத்தில் அதன் கழுத்து வெள்ளை. மஞ்சள் கழுத்துள்ளதை இதுவரை யாரும் எழுதியதே இல்லை. ஆகவே இது புதுப் பறவை. இனிமேல்தான் பெயர் வைக்க வேண்டும். யார் பெயரை வைக்கலாம் என்று துரை கேட்டிருக்கிறார். கேப்டன் ஒரே ஒரு பெயரைச் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் ஆபீஸ் முழுக்க அதே பேச்சு. சின்னப்பன் உலக்கையை நிறுத்திவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"செத்த கொழந்த பேரு செத்த பறவைக்கு. ரெண்டும் சேந்து பொழச்சிக்கும் போங்க."

நல்ல நகல்

லண்டன் மியூசியத்துக்கு அனுப்ப வேண்டிய விவரத்தைத் துரை கிறுக்கலாக எழுதி, நல்ல நகல் எடு என்று என்னிடம் கொடுத்தார். நகல் எடுக்கிற தோழர்களே, நம் வேலையில் ஒரு நிம்மதி உண்டு. பொய்யோ மெய்யோ, அது நம்முடையதல்ல. எழுத்து மட்டும்தான் நம்முடையது. அன்றைக்கு அந்த நிம்மதி நாலு வரிதான் தாங்கியது. ஐந்தாவது வரியில் 'தொண்டையும் முன்கழுத்தும் பளிச்சென்ற மஞ்சள்' என்று இருந்தது. பேனா நின்றுவிட்டது. காகிதத்தைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"இன்னா, கூழு ஆறிப் போவுது, சாப்புடாம உக்காந்துகினு கீறீங்க" என்றாள் கன்னியம்மா. சொன்னேன். உடனே சிரித்தாள். அந்தக் குழந்தையின் பெயரைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. சொல்லிவிட்டால் வேலை போகும், வேலை போனால் கம்பெனி கொடுத்த லைன் வீடும் போகும் என்றேன். அதைவிட, பன்னிரண்டு வருஷம் அலைந்த மனுஷன் இப்போதுதான் கொஞ்சம் சந்தோஷமாக இருக்கிறார், அதைக் கெடுப்பானேன் என்றேன். எங்களுக்கும் ஒரு குழந்தை தங்காமல் போனது. அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. அவள் சட்டியை மூடி வைத்தாள்.

"நாளைக்கு இன்னொரு தொரை இதே பறவையப் புடிப்பான். அதுக்குக் கழுத்து வெள்ளையா இருக்கும். பொய்யின்னுட்டு அந்தப் பொண்ணு பேர அழிச்சிடுவாங்க. அது ஒருவாட்டி செத்தது போதாதா?"

சுண்ணாம்பு

இருவரும் போனோம். பங்களா வராந்தாவில் கேப்டனும் துரையும் உட்கார்ந்திருந்தார்கள். நான் நின்றபடியே சொன்னேன்: மஞ்சள் இறகின் நிறமல்ல, வண்டுக்காக எங்கள் வீட்டில் பூசியது, அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. கேப்டன் அதை இங்கிலீஷில் சொன்னார், தயங்கித் தயங்கி. பறவைத் துரை சிரித்தார். இறகின் நிறத்துக்கும் சமையல் பொடிக்கும் வித்தியாசம் தெரியாமலா இத்தனை வருஷம் இந்த வேலை செய்கிறேன் என்று கேட்டாராம்.

கன்னியம்மா யாரோடும் வாதாடவில்லை. பெட்டியின் அடியில் உதிர்ந்து கிடந்த ஒரு மஞ்சள் கழுத்திறகை எடுத்து வெள்ளைத் தட்டில் வைத்தாள். இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்து, தண்ணீரில் கரைத்து ஒரு சொட்டு விட்டாள். இறகு ஆரத்தித் தண்ணீர் மாதிரி சிவந்தது. துரை எழுந்துவிட்டார். பூதிகோட்டையில் சுட்ட ஒரு மாங்குயிலைக் கொண்டு வந்தார். அது பிறவியிலேயே மஞ்சள். அதன் இறகில் ஒன்றைப் பிடுங்கி நீட்டினார். அதிலும் ஒரு சொட்டு விட்டாள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

துரை உள்ளே போய்விட்டார். கேப்டன் சிவந்த இறகை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பெயர் சொல்லிப் பேசிய பெண்ணை நானே இரண்டாவது முறை புதைத்த மாதிரி இருந்தது. கடைசியில் அவர் எழுந்து, என்னைப் பார்க்காமல், தகரப் பெட்டியின் மூடியைச் சரி செய்தார்.

"சாம்பிள்ல வேற கலந்துடுச்சு, அவ்ளோதான். கலந்தத வந்து சொன்னே. போய் சீட்டு எழுது."

சீட்டின் பின்பக்கம்

துரை சாராயம் தொட்டுக் கழுத்தைத் துடைத்தார். மஞ்சள் பஞ்சில் இறங்கிக் கழுத்து வெள்ளையானது. தாடைக்குக் கீழே ஒரு கீற்று மட்டும் போகவே இல்லை. கறை பட்ட பறவையை லண்டனுக்கு அனுப்பி மானம் போக வேண்டுமா என்று அவருக்குத் தயக்கம். கேப்டன் விடவில்லை. வெள்ளைக் கழுத்தானால் அதற்கு ஒரு பெயர் இருக்கும், அதை அங்கே இருப்பவர்கள் சரிபார்த்து எழுதட்டும் என்றார்.

முதல் வரி ஊர்: ஏரியின் பெயர், எந்த மலை, எந்தக் கரை. எழுத்து வராமல் மூன்று சீட்டு வீணானது. கேப்டன் பக்கத்தில் நின்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். பின்பக்கம் எழுதினேன்: தாடைக்குக் கீழ் மஞ்சள் இயற்கையல்ல, வண்டுக்காகப் பூசிய மஞ்சள்தூள். அடுத்து, கை என்று போட்டு என் பெயரை எழுதப் போனேன். கேப்டன் என் மணிக்கட்டைப் பிடித்தார். "யாரு கை பட்டுச்சோ அவங்க பேரு. ரூல் உனக்குத் தெரியாதா?" கன்னியம்மா, சாம்பியன் ரீப்ஸ் என்று எழுதி முடித்துக் காலில் கட்டினேன். மாரிகுப்பத்தில் ரயிலேற்றினோம். ஸ்டேஷன் வரை கூட வந்த சின்னப்பன் பெட்டி போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என் மூக்குப்பொடிக்கு இந்த யோகம் அடிக்கல."

பதில்

பதில் வர ஒரு மழைக்காலம் ஆனது. வேலை போகவில்லை, வண்டுக்கு மருந்து கேட்டு வேறு பங்களாக்களிலிருந்தெல்லாம் கன்னியம்மாவிடம் ஆள் வந்தது. ஒரு நாள் ஷிப்டு விட்ட நேரம். மண்ணும் மெழுகுமாகக் கேப்டன் நேரே ஆபீஸுக்கு வந்தார், கையில் கடுதாசி. பறவை புதிதல்ல. வெகு காலம் முன்னாலேயே பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் அந்தச் சின்ன ஏரியில் அது இருக்கிறது என்பது இதுவரை எவருக்கும் தெரியாதாம். சீட்டில் ஊர் தெளிவாக இருப்பதால் பறவையை வைத்துக்கொள்கிறார்களாம். பின்பக்கம் எழுதியதையும் படித்தார்களாம். அந்தக் கீற்றைத் துடைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்களாம். பெயரை அவர் உரக்கப் படித்தார். நீளமான பெயர். அதில் பாதிக்குச் சின்னச் சிறகு என்று அர்த்தமாம்.

எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பயம். மகள் பெயர் வைக்க முடியாமல் போனதற்கு நான் வருத்தம் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கடுதாசியை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். வைத்துவிட்டு அந்தப் பெயரை இன்னொரு தடவை, மெதுவாக, தூரத்தில் இருக்கிற யாருக்கோ கேட்க வேண்டும் என்பதுபோலச் சொன்னார்.

"பேரு இன்னான்னுதான் ரோஸி கேட்டா. தன் பேர வெக்கச் சொல்லி கேக்கல. சின்னச் சிறகு. அவளுக்குப் புடிச்சிருக்கும்."

அன்று வீட்டில் போய்ச் சொன்னேன். லண்டனில் ஒரு அலமாரியில் உன் பெயர் இருக்கிறது என்றேன். கன்னியம்மா அம்மியை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அதன் பிறகு ஐந்து வருஷம்தான் இருந்தாள். லைனில் பரவிய ஒரு காய்ச்சல் அவளைக் கொண்டுபோயிற்று. அவளுக்குக் கல் நாட்டவில்லை, படம் எடுத்து வைக்கவில்லை. எப்போதாவது மனசு தாழ்ந்தால், லண்டன் அலமாரிச் சேதியைக் கேட்டு அன்று அவள் சொன்னதை நினைத்துக்கொள்வேன்.

"குத்தம் பண்ணவ பேருதானே போய்கீது, அதுக்கு இன்னா இவ்ளோ சந்தோஷம்?"

ஆக, பறவைக்குப் பெயர் வைக்கப் புறப்பட்டோம் துரை, கேப்டன், நான் என்று மூன்று ஆண்கள். வைக்கவும் இல்லை, எங்களில் ஒருவர் பெயர் எங்கும் நிற்கவும் இல்லை, மஞ்சள் அரைத்தவள் பெயர் மட்டும் என் கையெழுத்தில் அதன் காலோடு போய்விட்டது.